சோளக்காட்டுக்கு வந்த கவுதாரி

வாழப்பாடி பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது, 11.01.2025:

"மேட்டாங்காடு மூன்றரை ஏக்கர், தாத்தா காலத்துப் பட்டா. சோளம் அறுத்து முடித்துவிட்டோம். காலையும் மாலையும் கவுதாரி கூட்டமாக வந்து பொறுக்குகிறது. என்னிடம் ஏர்கன் இருக்கிறது, லைசென்ஸ் வேண்டியதில்லை என்று கடையிலேயே சொன்னார்கள். என் நிலம், என் தானியம். அதைத் தின்று கொழுத்த பறவையைச் சுட்டுச் சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பிராய்லர் தின்பவர்கள் உபதேசம் செய்ய வேண்டாம்."

11.01.2025, இரவு

குற்றம். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிலம் யாருடையது என்று பார்க்காது. அந்தப் பறவை சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். கவுதாரி இருக்கிறது. காட்டுக்கோழி, காடை, மணிப்புறா எல்லாம் இருக்கின்றன. நம் சேலத்தில் மேட்டு நிலத்தையும் காடு என்கிறோம், மரம் அடர்ந்த மலையையும் காடு என்கிறோம். அந்த வித்தியாசம் கவுதாரிக்கும் தெரியாது, சட்டத்துக்கும் தெரியாது.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால், அதை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எதைச் சுடலாம் என்பதற்கு அது அனுமதி ஆகாது. அரிவாளுக்கும்தான் லைசென்ஸ் கிடையாது.

தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 25,000-தான். 2022 திருத்தத்தில் ஏற்றினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இது கவுதாரிக்கு. மயில் முதலாம் அட்டவணையில் இருக்கிறது: அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகும்.

உபதேசம் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் வாங்குகிறவள். ஆனால் காட்டுப் பறவை விஷயத்தில் எங்கள் வீடு சுத்தம். அப்பா ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். 72-இல் சட்டம் வந்ததும் துப்பாக்கியை மாட்டி வைத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சட்டியில் காட்டுப் பறவை ஏறியதில்லை.

12.01.2025

மேலே எழுதியதைத் தம்பி படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து போன் செய்தான். "அக்கா, 72-ல உனக்கு மூணு வயசு. அப்புறம் யாரு அந்தக் காட்டுக்கோழிக்கெல்லாம் இறகு புடுங்கினது?"

நான்தான் பிடுங்கினேன். பத்து வயதிலிருந்து கல்யாணமாகிப் போகும் வரை. எப்படி அப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை. நாலு பேருக்கு நியாயம் சொல்ல உட்கார்ந்தால் சொந்த வீட்டுக் கதை தானாகவே வெள்ளையடித்துக்கொண்டு வந்து நிற்கிறது.

தேதியிலும் தப்பு. 72 சட்டம் வேட்டையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. அப்போதைய நாலாம் அட்டவணைக்குப் பெயரே சிறு வேட்டைக்குரியவை. கவுதாரி, காடை மாதிரிப் பறவைகள் அதில் இருந்தன. உரிமம் வாங்கிச் சுடலாம் என்ற ஏற்பாடு சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்த உரிமங்களை எடுத்தெறிந்தது 1991-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆகவே அப்பா 89 வரை சுட்டது குற்றமே இல்லை என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்பாகிட்ட கலெக்டர் ஆபீஸ் குடுத்த துப்பாக்கி லைசென்ஸ் இருந்துச்சு, நான் பார்த்திருக்கேன். வேட்டை லைசென்ஸ்னு தனியா ஒண்ணு நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை.

12.01.2025, மாலை

விட்ட இடத்திலிருந்து. எங்கள் வீடு நாகலூர் போகும் வழியில், காபிச் செடிகளுக்கு நடுவே. அப்பா விடியுமுன் போவார். எட்டு மணிக்குள் வந்துவிடுவார். பை கனமாக இருந்தால் வாசலிலேயே அம்மாவைக் கூப்பிடுவார், வெறும் பை என்றால் பின்கட்டு வழியாக வந்து குளிக்கப் போய்விடுவார்.

காட்டுக்கோழியை வெந்நீரில் முக்கக் கூடாது, தோல் கிழியும். உலர்ந்தபடியே பிடுங்க வேண்டும். அப்புறம் விறகுத் தீயில் காட்டிப் பொசுக்கி, மஞ்சள் பூசி, இன்னொரு முறை காட்ட வேண்டும். நெஞ்சுக் கறி கைப்பிடி அளவு. கால் கறி கறுப்பாக, நரம்பும் தசையுமாக இருக்கும். எங்கள் மிளகையே இடித்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு மண்சட்டியில் இரண்டு மணி நேரம் வேக வேண்டும். ருசியா என்று கேட்டால், நிஜமாகவே ருசி. அதை மறைத்து எழுதினால் இதுவும் நேற்றைய வெள்ளையடிப்புதான்.

சாப்பிடும்போது பல்லில் துப்பாக்கி ரவை கடிபடும். அப்பா தட்டோரத்தில் எடுத்து வைத்து எண்ணுவார். எல்லாம் ஈயம். ஈயம் நொறுங்கிக் கறிக்குள் கலப்பதும், அது பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்பதும் அன்றைக்கு யாருக்குத் தெரியும். என் கணக்குப் பாட மதிப்பெண்ணுக்கு இப்போதாவது ஒரு காரணம் கிடைத்ததே.

சேவலின் கழுத்து இறகை நோட்டுக்குள் வைத்திருப்பேன். மஞ்சளாக மெழுகுச் சொட்டு விழுந்தது மாதிரி புள்ளிகள். அந்த இறகைத் தூண்டில் முள்ளில் கட்டி மீன் பிடிக்க இங்கிலாந்தில் அலைந்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

14.01.2025, பொங்கல்

ஆத்தூர்ப் பக்கத்து வாசகர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "பழங்குடி மக்கள் பரம்பரையாகச் செய்ததை ஒரு சட்டத்தால் குற்றமாக்குவது நியாயமா?"

சேர்வராயன் மலையில் பெரும்பான்மை மலையாளி இனத்தார். கேரளத்துக்காரர்கள் இல்லை, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். பொங்கலை ஒட்டி ஊரே சேர்ந்து வேட்டைக்குப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கிடைத்ததை ஊருக்கே பங்கு வைப்பார்கள். ரைட்டர் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நிலம், தேன், கடுக்காய், மேய்ச்சல் என்று பலவற்றையும் உரிமையாகக் கொடுத்தது. ஆனால் பிரிவு 3-இல் ஒரு வரியைப் போட்டு, வேட்டையாடவும் கண்ணி வைத்துப் பிடிக்கவும் இருந்த வழக்கத்தை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு 72 சட்டத்திலேயே விலக்கு உண்டு. நம் மலைக்கு இல்லை.

நரிக்குறவர்கள் கதை இதைவிடக் கடினம். குருவிக்காரர் என்பது அவர்கள் தொழிலை வைத்து வந்த பெயர். கவுதாரியின் குரலைத் தொண்டையிலேயே எழுப்பி அதை வரவழைப்பார்கள். வேட்டை நின்றதும் ஊசி, பாசிமணி. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தார்கள். குலத்தொழில் போய் எத்தனையோ ஆண்டு கழித்து அந்தக் காகிதம் வந்தது.

நியாயமா என்றால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பசியோடு சுட்டவர்கள் கையிலிருந்து துப்பாக்கி போய்விட்டது. இப்போது காரில் நெற்றி லைட்டும் ஏர்கன்னுமாக மலையேறுகிறவர்களுக்குப் பசி ஏது? உணவுக்காக என்று சொல்வதே அவர்கள்தான்.

14.01.2025

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. எங்கள் வீட்டில் இன்று சாம்பார்.

17.01.2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மூன்று அம்புகள்.

ஒன்று, பயிர்ச் சேதம். சட்டத்தில் அதற்கு வழி இருப்பது உண்மைதான். மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தானால், நிற்கும் பயிரும் அதில் சேர்த்தி, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் அனுமதி தரலாம். ஆனால் நீங்கள்தான் சோளம் அறுத்து முடித்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே சிந்திய மணி எப்படி நிற்கும் பயிராகும்? தவிர கவுதாரி கறையானையும் வண்டையும் தின்கிறது. அந்தக் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டு, "காட்டுப்பன்றிக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்களே." இந்த மாதம் வந்த அரசாணையைச் சொல்கிறார். அதிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், சுடுவதும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான். நீங்களும் இல்லை, நானும் இல்லை.

மூன்று, பிராய்லர். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொட்டகையை விட்டு வெளியே வராமல், ஐந்தாறு வாரம் தின்று, தன் எடையைத் தானே தாங்க முடியாத காலோடு சாகும் கோழியையும், மூன்று வருடம் காட்டில் கூவித் திரிந்து ஒரு விடியலில் விழும் சேவலையும் பக்கத்தில் வைத்தால், சேவலின் வாழ்க்கைதான் வாழ்க்கை. கொல்வதைக் கண்ணால் பார்க்காமல் கிலோ கணக்கில் வாங்குகிற என்னைவிட, தானே சுட்டுத் தானே பிடுங்கிய அப்பா கறிக்கு அதிக மரியாதை கொடுத்தார்.

ஒரு பறவையைப் பற்றி மட்டும் பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். ஆனால் கோழிக்குப் பண்ணை இருக்கிறது, நாளைக்கு நூறு குஞ்சு பொரிக்க வைக்கலாம். மலையில் இருக்கும் சேவலுக்குப் பதில் சேவல் எந்த ஹேட்சரியிலும் இல்லை.

18.01.2025

காடை மட்டும் எப்படிக் கடையில் விற்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது ஜப்பானியக் காடை, பண்ணையில் வளர்வது. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம் கால்நடை ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கிய ரகங்களே உண்டு. 2011-இல் இதற்கும் சிக்கல் வந்தது. காட்டுக்காடையோடு சேர்த்துப் புதுப் பண்ணைக்கு லைசென்ஸ் கூடாது என்றார்கள், 2013-இல் விலக்கினார்கள். மலைப் பாதையில் வண்டியை ஓரம்கட்டி "ஒரிஜினல் காட்டுக்காடை" என்று ரகசியக் குரலில் சொல்லிக் கூடுதல் விலை வாங்குபவர் உங்களுக்குப் பெரும்பாலும் நாமக்கல் காடையைத்தான் தருகிறார். சட்டப்படி அவர் ஏமாற்றுவதுதான் நல்லது.

19.01.2025

கண்ணி வைத்தாலும் வேட்டைதான். வலையும் அப்படியே. கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும்கூட அந்தச் சொல்லுக்குள் வருகிறது. கவட்டையால் அடித்தால் என்று கேட்டவருக்கு: உங்கள் வயது என்ன?

23.01.2025

ஏர்கன் பற்றி ஒருவர் திருத்தினார், சரியான திருத்தம். எல்லா ஏர்கன்னும் லைசென்ஸ் இல்லாமல் வாங்கக் கூடியது அல்ல. 2016 ஆயுத விதிகளின்படி குழலை விட்டுக் கிளம்பும் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழலின் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும்.

அப்பா ஏர்கன்னைத் தொடமாட்டார். "சாவடிக்கவும் தெரியாது, விடவும் தெரியாது" என்பார். சின்னக் குண்டு இறகுக்குள் புகுந்து நிற்கும், கவுதாரி புதருக்குள் ஓடிவிடும், இரண்டு நாள் கழித்துச் சாகும். தின்னவும் ஆகாது. உணவுக்காகச் சுடுகிறேன் என்பவர் கையில் இருக்க வேண்டிய கடைசிச் சாமான் அது.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்னை ஒப்படையுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். ஊர் ஊராக ஜனங்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே வேட்டை நம்மைவிட ஆழமான பழக்கம்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் ஏர்கன்னில்தான் தொடங்கினார். பம்பாயில் சிறுவனாகச் சிட்டுக்குருவி சுட்டுக்கொண்டிருந்தவர், தொண்டை மஞ்சளாக ஒன்று விழுந்ததும் இதைத் தின்னலாமா என்று மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமா அதை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்துதான் எல்லாம். தின்னலாமா என்ற கேள்வியிலிருந்து இந்தியப் பறவையியல் புறப்பட்டது என்று சொன்னால் நம் வாழப்பாடிக்காரர் சந்தோஷப்படுவார். 1930-ஐ ஒட்டி நம் சேர்வராயனுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளை ஆராய்ந்த வெர்னே அளவாய்வுக் குழு வந்து பறவைகளைச் சுட்டுத் தோலெடுத்துக் கொண்டுபோனது. மலையில் அன்று என்னென்ன இருந்தன என்பதற்கு அந்தத் தோல்களும் சாட்சி.

29.01.2025

"ஒரு வீட்டுக்கு ஒரு பறவை என்றால் குடியா முழுகிவிடும்?"

வட அமெரிக்காவில் பயணப்புறா என்று ஒன்று இருந்தது. கூட்டம் பறந்தால் வெயில் மறையுமாம். பீப்பாய் பீப்பாயாக ரயிலேற்றிச் சந்தைக்கு அனுப்பினார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. அங்கே கெடுத்தது சட்டி இல்லை, சந்தை. அப்பாவின் துப்பாக்கி மலையைக் காலி பண்ணவில்லை. யாரோ ஒருவர் பறவைக் கொத்துக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததும்தான் இரவு வேட்டையும் வலையும் வந்தன.

இங்கிலாந்தில் இருக்கும் அக்காள் மகன், அங்கே கசாப்புக் கடையிலேயே ஃபெசன்ட் தொங்குகிறது என்கிறான். அக்டோபர் முதல் தேதி தொடங்கி பிப்ரவரி முதல் தேதி வரை பருவம். ஆனால் அதில் பெரும்பகுதி பண்ணையில் பொரித்துக் காட்டில் திறந்துவிட்டது. வளர்த்து, விரட்டி, சுட்டு, விற்பது. அதைப் பார்த்தால் நம் பிராய்லர்காரர் நேர்மையானவர்.

04.02.2025

இதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன்.

2016-இல் ஒரு வீட்டு விசேஷம். ஊர் வேண்டாம், உறவும் வேண்டாம். பந்தி முடிந்ததும் நெருங்கியவர்களை மட்டும் பின்னால் அழைத்தார்கள். சின்னச் சட்டி. மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பொசுக்கிய தோலின் வாசம், மிளகு, நாற்பது வருடம். "காட்டுக்கோழிங்க, உங்களுக்குன்னு எடுத்து வெச்சது" என்றார்கள். தடை என்று தெரியும். பசி இல்லை, பிரியாணி தின்ற வயிறு. சாப்பிட்டேன். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன்.

கறி சமைந்தபின் என்ன ஆதாரம் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். சமைத்த கறியிலிருந்தே டிஎன்ஏ எடுத்து இன்ன பறவை என்று சொல்லும் ஆய்வகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. வைத்திருந்தது சட்டப்படிதான் என்று காட்ட வேண்டியதும் வைத்திருந்தவர் பொறுப்பு. அன்று யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

பசி இல்லாதவர்கள்தான் உணவு என்கிறார்கள் என்று பொங்கலன்று எழுதினேனே, அந்த வரிசையில் என்னையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அது மார்ச் மாதம். பிப்ரவரியிலிருந்து மே வரை காட்டுக்கோழி அடைகாக்கும் காலம். சட்டியில் இருந்தது சேவலா பெட்டையா என்று கேட்கக்கூட இல்லை.

05.02.2025

திட்டியவர்களுக்கு நன்றி. "பரவாயில்லைம்மா" என்றவர்களுக்கு இல்லை.

16.02.2025

ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியது சரியான அடி. துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், நிழல் மரங்களை வெட்டிச் சில்வர் ஓக் நட்டதைப் பற்றி ஒரு வரி உண்டா என்கிறார்.

போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பழைய எஸ்டேட் வரை. அத்தியும் பலாவும் நின்ற சரிவில் சில்வர் ஓக் வரிசையாக, மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு நிற்கிறது. பச்சைப்புறாவுக்குப் பழம் வேண்டும், ஓக்கில் அது தின்ன என்ன இருக்கிறது? அந்த மரத்தைத் துப்பாக்கி வெட்டவில்லை. அதை வெட்டினால் மூன்று ஆண்டு சிறையும் இல்லை.

ஆனாலும் இடம் குறையக் குறைய ஒவ்வொரு குண்டின் கனமும் கூடுகிறது. அப்பா சுட்டபோது இருந்த மலை வேறு. அதே துப்பாக்கி, அதே சேவல் என்றாலும் இன்று அது அதே காரியம் இல்லை. 91-க்கு முன், 91-க்குப் பின் என்று நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியதை விட இது எனக்குப் பொருந்துகிறது.

காலை ஆறரைக்கு ஒரு சேவல் கூவியது. கண்ணில் படவில்லை.

21.02.2025

வாழப்பாடிக்காரர் எழுதியிருக்கிறார்: சுடவில்லையாம், சட்டத்துக்குப் பயந்துதானாம், என் கதையால் இல்லையாம். சரி, அதுவே போதும். கவுதாரி காரணம் கேட்காது.

02.03.2025

ஆயுதச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அப்பா போனபின் அவர் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். ஆனால் அவருடைய பிஸ்கட் டப்பா? பரணில், பித்தளை அண்டாவுக்குள். துப்பாக்கிக் குழல் அளவை 'பன்னிரண்டு போர்' என்பார்களே, அந்த அளவுத் தோட்டாக்கள், ஆறாம் நம்பர் ரவை போட்டவை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் 1959 சட்டப்படி குற்றம். ஊருக்கெல்லாம் பிரிவு எண் சொல்லிக்கொண்டு, தலைக்கு மேல் இதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன்.

தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். வக்கீல் ஒருவரிடமும் கேட்டாயிற்று, கடிதம் எழுதி ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்.

05.03.2025

கொடுத்துவிட்டோம். எழுத்தர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் நாற்காலி போட்டார். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். பதினொன்று. அட்டை ஊறி உப்பியிருந்தது. அடியில் ஒரு கழுத்து இறகு கிடந்தது, மஞ்சள் புள்ளியோடு. நான் போட்டதா அப்பா போட்டதா என்று தெரியவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். காட்டு உயிரின் இறகை வைத்திருப்பது என்ன பிரிவில் வரும் என்று இருவருக்கும் இப்போது தெரியும்.

"இது என்னம்மா?" என்றார் எழுத்தர்.

"கோழி இறகுங்க" என்றான் தம்பி.

அவர் அதை ஊதிவிட்டு, பதினொன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.